'டீ செலவு' என்று ஆரம்பிக்கும்... கன்டெய்னரையே நிறுத்திவைக்கும் மாமூல்!

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற பஸ்ஸில் ஏறினால் வழியில் வருகிற ஊர் மங்கலம்பேட்டை. முந்திரித் தோப்பும் கரும்புக் காடும் சூழ்ந்த பேரூராட்சி. இங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் கடலூர் வரைக்கும் போக வேண்டும்.

ஆனாலும் கப்பலுக்கும் இந்த ஊர்ப் பக்கத்துக்கும் தினசரி சம்பந்தம் உண்டு. பக்கத்தில் விருத்தாசலம். பீங்கான் தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி என்று மண்ணைச் சுட்டே பிழைக்கிற ஊர். ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல் விளக்கு, பொம்மை எல்லாம் இங்கே சூளையில் வெந்து வெளியூர் போகின்றன. கொஞ்சம் கிழக்கே பண்ருட்டி. அங்கே உடைபடுகிற முந்திரிக்கு உள்ளூர் விளைச்சல் போதாது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை கப்பலில் வருகிறது. சூளைக்கு வேண்டிய வண்ணப்பொடியோ, மெஷின் உதிரிப்பாகமோ வெளிநாட்டில் வாங்கினால், அதுவும் கன்டெய்னரில்தான் வந்தாக வேண்டும்.

அந்தக் கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியதற்கும், லாரியில் ஏறி ஊர் வந்து சேர்வதற்கும் நடுவே சில நாள்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அந்தச் சில நாள்களைப் பற்றியது. அந்த நாள்களில் சிலருடைய காதில் விழுகிற ஒரு வார்த்தையைப் பற்றியது.

'கொஞ்சம் கவனிச்சுக்கோங்க.'

ஒரு கன்டெய்னரின் கதை

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய பீங்கான் பட்டறைக்காரர். வருஷத்துக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ சீனாவிலிருந்து சரக்கு எடுப்பவர். கப்பல் சென்னைக்கு வந்துவிட்டது. இப்போது என்னென்ன நடக்கும்?

முதலில் அவருடைய சுங்கத் தரகர் 'பில் ஆஃப் என்ட்ரி' தாக்கல் செய்வார். சட்டம் இப்போது 'கஸ்டம்ஸ் புரோக்கர்' என்று பெயர் மாற்றிவிட்டாலும், துறைமுகத்துப் பக்கம் இன்னும் 'சிஎச்ஏ' என்று சொன்னால்தான் எல்லாருக்கும் புரியும். தாக்கல் செய்வது ஐஸ்கேட் என்கிற இணையதளத்தில். என்ன சரக்கு, எத்தனை, என்ன விலை, எந்த வரித் தலைப்பில் வருகிறது என்று அதில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரே அதைப் படித்துப் பார்த்து, 'இதைச் சோதிக்க வேண்டாம்' என்று விடலாம், 'ஆவணத்தைப் பார்க்க வேண்டும்' என்று நிறுத்தலாம், 'பெட்டியைத் திறந்தே பார்க்க வேண்டும்' என்றும் சொல்லலாம்.

இதற்கிடையே கன்டெய்னர் துறைமுகத்திலேயே நிற்காது. மணலி, திருவொற்றியூர் பக்கம் இருக்கிற சரக்கு நிலையம் ஒன்றுக்குப் போய்விடும். அங்கே சில நாள்கள் இலவசம். அதற்குப் பிறகு நாள் வாடகை ஓடும். அது தனி. கன்டெய்னர் என்கிற இரும்புப் பெட்டி கப்பல் கம்பெனிக்குச் சொந்தம் இல்லையா? குறிப்பிட்ட நாளுக்குள் காலிப் பெட்டியைத் திருப்பித் தராவிட்டால் அவர்களும் ஒரு கட்டணம் போடுவார்கள். அது பெரும்பாலும் டாலர் கணக்கில். இரண்டுமே நாள் போகப் போக ஏறும்.

நம் பட்டறைக்காரருக்கு எல்லாம் சேர்த்து ஒரு நாள் தாமதத்துக்கு 8,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். ஐந்து நாளில் 40,000. ஊரில் சூளை வேறு சும்மா நிற்கிறது. ஆர்டர் கொடுத்தவர் தினமும் போன் பண்ணுகிறார். இந்த நேரத்தில் ஒருவர் வந்து, 'ஐயாயிரம் கொடுத்தால் இன்றைக்கே முடிந்துவிடும்' என்கிறார்.

தப்பான சரக்கு எதுவும் இல்லை. வரி ஏய்ப்பும் இல்லை. எல்லாக் காகிதமும் சரியாக இருக்கிறது. நியாயமாக நடக்க வேண்டிய வேலையை நேரத்தில் நடத்தித் தரத்தான் காசு. ஐயாயிரமா, நாற்பதாயிரமா என்று கணக்குப் போட்டால் எந்தப் பக்கம் கை போகும் என்பது சொல்லாமலே தெரியும். கப்பல் தொழிலில் உலகம் முழுக்க இதற்கு ஒரு மரியாதையான பெயர் வைத்திருக்கிறார்கள். காரியம் எளிதாக நடப்பதற்கான தொகை, ஃபெசிலிடேஷன் பேமென்ட். நம் ஊரில் அதைவிடப் பழைய பெயர் இருக்கிறது: மாமூல்.

மாமூல் என்ற சொல்லுக்கே 'வழக்கம்' என்றுதான் பொருள். அரபி வழியாக வந்த சொல். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் சுங்கத்துறைக்குப் பெயரான 'கஸ்டம்ஸ்' என்பதும் 'வழக்கமாகச் செலுத்துவது' என்ற பொருளில் பிறந்ததுதான். வாசலில் செலுத்துகிற வழக்கத்துக்கு ரசீது உண்டு. ஜன்னல் வழியாகச் செலுத்துகிற வழக்கத்துக்குக் கிடையாது.

ரேஷன் கார்டு உதாரணம்

'வேலையைக் கெடுக்கச் சொல்லி, சட்டத்தை மீறச் சொல்லிக் கொடுத்தால்தானே லஞ்சம்? நியாயமான வேலைக்குக் கொடுப்பது வெறும் அன்பளிப்பு!' என்று நினைக்கிறவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை.

1988-ம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் ஒரு பெரிய திருத்தம் வந்தது. அந்தச் சட்டத்தின் 7-வது பிரிவுக்குக் கீழே ஓர் உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். ஒருவருடைய வழக்கமான ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நேரத்தோடு பரிசீலிக்க, ஓர் அரசு ஊழியர் 5,000 ரூபாய் கேட்கிறார். அவர் குற்றவாளி. அவ்வளவுதான் அந்த உதாரணம். கார்டு கிடைக்க வேண்டியவருக்குத்தான் கிடைத்தது, தகுதி இல்லாதவருக்குக் கொடுக்கவில்லை என்பதெல்லாம் அங்கே எடுபடாது. ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் கன்டெய்னரை வைத்துப் படியுங்கள். நம் பட்டறைக்காரரின் கதை அப்படியே பொருந்தும். வாங்குகிறவருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை.

அதே திருத்தத்தில் இன்னொரு விஷயமும் வந்தது. பலருக்கு இது தெரிவதில்லை. கொடுக்கிறவரும் குற்றவாளி. 8-வது பிரிவின்படி அவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஒரு நிறுவனத்துக்காக யாரோ கொடுத்தால், அந்த நிறுவனமே மாட்டிக்கொள்ள 9-வது பிரிவு இருக்கிறது. 'நான் கொடுக்கவில்லை, என் ஏஜென்ட் கொடுத்தார், பில்லில் இதர செலவு என்று போட்டிருந்தார்' என்று தப்பிக்கப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர்களுக்கு ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது சட்டம். கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் போலீஸிடமோ, விசாரணை அமைப்பிடமோ புகார் சொல்லிவிட்டால் அவர் மீது குற்றமில்லை. முன்கூட்டியே தகவல் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்கிறபடி பணத்தை நீட்டுகிறவருக்கும் பாதுகாப்பு உண்டு. நாம் செய்தியில் அடிக்கடி படிக்கும் 'ரசாயனம் தடவிய நோட்டு' அப்படித்தான் போகிறது. நோட்டில் பினாப்தலின் பொடி தடவியிருப்பார்கள். வாங்கியவரின் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். பள்ளிக்கூட வேதியியல் பாடம்தான், ஆனால் இங்கே அதுவே கோர்ட்டில் சாட்சி.

ஏழு நாள் என்பது படிக்கும்போது தாராளமாகத் தெரியும். ஆனால் சரக்கு இன்னும் உள்ளே இருக்கும்போது யார் போய்ப் புகார் கொடுப்பார்? அடுத்த மாதம் வேறு கன்டெய்னர் அதே இடத்துக்கு வர வேண்டியிருக்கும்போது யாருக்குத் துணிச்சல் வரும்? சட்டப் புத்தகத்தில் பதில் இல்லாத கேள்வி இது. சென்னையில் சமீபத்தில் வெடித்த விவகாரமும் இங்கேதான் வந்து முட்டியது.

கடையையே மூடுகிறோம் என்ற நிறுவனம்

2025 அக்டோபர் முதல் வாரம். தமிழ்நாட்டைச் சேர்ந்த வின்ட்ராக் என்ற நிறுவனம் எக்ஸ் தளத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. அக்டோபர் 1 முதல் இந்தியாவில் ஏற்றுமதி இறக்குமதித் தொழிலையே நிறுத்துவதாக அதில் சொல்லியிருந்தார்கள். சென்னைச் சுங்க அதிகாரிகள் 45 நாள்களாகத் தங்களை அலைக்கழிப்பதாகவும், அந்த ஆண்டில் இரண்டு முறை லஞ்ச விவகாரத்தை வெளியே சொன்னதற்குப் பழிவாங்கல் இது என்றும் அந்த நிறுவனம் குற்றம்சாட்டியது. சுமார் 7,000 டாலர் மதிப்புள்ள சரக்கை வெளியே எடுக்க 2 லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டி வந்தது என்பது அவர்கள் தரப்பு.

சென்னைச் சுங்கத்துறை இதை முழுவதுமாக மறுத்தது. லஞ்சம் யாரும் கேட்கவில்லை, சரக்கின் வகைப்பாடு தவறாகக் காட்டப்பட்டிருந்தது, சார்ஜிங் கேபிள்கள் ஆவணத்தில் சொல்லப்படவில்லை, பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி இருக்க வேண்டிய சான்றும் இல்லை என்று பதில் கொடுத்தது. விதிப்படி எழுப்பிய கேள்விகளுக்கு லஞ்சச் சாயம் பூசுகிறார்கள் என்பது துறையின் வாதம்.

விஷயம் சோஷியல் மீடியாவில் தீயாகப் பரவியது. காங்கிரஸ் எம்.பி. சசி தரூர் கவலை தெரிவித்தார். வேறு இறக்குமதியாளர்கள் பலரும் தங்கள் அனுபவம் என்று வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். மத்திய நிதி அமைச்சகம், வருவாய்த்துறையின் மூத்த அதிகாரி ஒருவர் இரு தரப்பையும் கேட்டு, ஆவணங்களைப் பார்த்து விசாரிப்பார் என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், தான் அடுத்து கையில் எடுக்கப்போகும் பெரிய துப்புரவு வேலை சுங்கத்துறைதான் என்று பொது மேடையிலேயே சொன்னார்.

இந்த வழக்கில் யார் சொல்வது சரி என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு தரப்பும் சொன்னதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தகராறு முழுவதும் சின்னச் சின்ன விஷயங்களில் நிற்கிறது. ஒரு கேபிள் தனிச் சரக்கா, மெஷினோடு வருகிற துணைப்பொருளா? இந்தப் பொருள் இந்தத் தலைப்பில் வருமா, அந்தத் தலைப்பிலா? எந்தச் சான்று வேண்டும்? இதற்கெல்லாம் ஒரே பதில் இருந்தால் பேரத்துக்கு இடமே இல்லை. இரண்டு பதில் இருக்கிற இடத்தில், எந்தப் பதில் என்று முடிவு செய்பவரின் கை ஓங்கிவிடுகிறது. நேர்மையான அதிகாரி அதே கேள்வியைக் கேட்டாலும் வியாபாரிக்கு அது மிரட்டலாகத் தெரியும். நேர்மையில்லாதவர் கேட்டால், அதைச் சட்டப்படியான கேள்வி என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது வெளியே இருப்பவர்களுக்குக் கஷ்டம்.

முகமில்லாத அதிகாரி, முகமுள்ள குடோன்

இதைத் தடுக்கத்தான் 'முகமற்ற மதிப்பீடு' வந்தது. 2020 ஜூன் 8 அன்று முதலில் பெங்களூரிலும் சென்னையிலும் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் 31-க்குள் நாடு முழுக்க விரிந்தது. சென்னையில் இறங்கிய சரக்கின் ஆவணத்தை வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கம்ப்யூட்டரில் பார்த்து வரியை முடிவு செய்வார். அவர் யாரென்று இறக்குமதியாளருக்குத் தெரியாது. முகம் தெரியாதவரிடம் எப்படிக் கவரை நீட்டுவது? யோசனை நல்ல யோசனைதான்.

ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று வந்துவிட்டால், பெங்களூரிலிருந்து யாரும் கையை நீட்டிப் பார்க்க முடியாது. மணலிக் குடோனில் நிற்கிற பெட்டியை அங்கே இருப்பவர்தான் பார்க்க வேண்டும். எத்தனை மணிக்குப் பார்ப்பது, இன்றைக்கா நாளைக்கா, பத்துப் பெட்டியைப் பிரிப்பதா நூறையும் பிரிப்பதா... இந்த இடத்தில் முகம் திரும்பி வந்துவிடுகிறது. அதுபோக, காசு கேட்பவர் எப்போதும் அரசு அதிகாரியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிரேன் ஓட்டுபவர், கேட்டில் நிற்பவர், பெட்டியை மேலே அடுக்கியிருக்கிறதா கீழே வைத்திருக்கிறதா என்று சொல்பவர் என்று சங்கிலி நீளம். சிலர் 'அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும்' என்று சொல்லித் தாங்களே வைத்துக்கொள்வதும் உண்டு. அந்த அதிகாரிக்கு விஷயமே தெரிந்திருக்காது.

நம் பட்டறைக்காரர் கையில் ஆயுதமே இல்லையா என்றால், இருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 17-வது பிரிவு ஒரு விஷயத்தைச் சொல்கிறது. இறக்குமதியாளர் சொன்னதை ஏற்காமல் அதிகாரி வரியை மாற்றினால், இறக்குமதியாளரும் அதை ஒப்புக்கொள்ளாவிட்டால், காரணங்களை விளக்கி 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வ உத்தரவு போட வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்து 60 நாளுக்குள் மேல்முறையீடு போகலாம். தகராறு முடியும் வரை சரக்கு கிடக்க வேண்டுமே என்ற கவலைக்கு, தற்காலிக மதிப்பீடு என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பத்திரமும் உத்தரவாதமும் கொடுத்துவிட்டுச் சரக்கை எடுத்துக்கொண்டு போய், வழக்கைப் பிறகு நடத்தலாம். இல்லாவிட்டால் 49-வது பிரிவின்படி சரக்கைக் கிடங்கில் வைக்க அனுமதி கேட்கலாம், வாடகை மீட்டர் ஓடுவதைக் குறைக்கலாம்.

இவை எல்லாம் காகிதத்தில் எழுதிக் கேட்க வேண்டியவை. பெரிய கம்பெனிக்கு இதற்கென்று தனி வக்கீல், தனி ஆள் உண்டு. மங்கலம்பேட்டைப் பக்கத்தில் பட்டறை வைத்திருப்பவருக்கு மணலிக்கு ஒரு முறை போய்வந்தாலே ஒரு நாள் முழுசாகப் போய்விடும். சின்ன வியாபாரியிடம்தான் இந்த 'டீ செலவு' சுலபமாகப் பெயர்கிறது என்றால் அதற்குக் காரணம் இதுதான். அவருக்குப் பயம் அதிகம் என்பதில்லை, நேரம் குறைவு.

சிகரெட்டுக்குப் பெயர்போன கால்வாய்

துறைமுக வாசலைத் தாண்டிக் கப்பலுக்குள் போனால் அங்கே வேறு மாதிரி. ஒரு கப்பல் ஒரு நாள் சும்மா நின்றாலே ஆயிரக்கணக்கான டாலர் போச்சு. இது கரையில் இருப்பவர்களுக்கும் தெரியும். சுகாதாரச் சோதனை, குடியுரிமைச் சோதனை, சுங்கச் சோதனை என்று ஏறுகிறவர்களில் சிலர் பணமாகக் கேட்பதில்லை. சிகரெட் பெட்டி, விஸ்கி பாட்டில், சாப்பாட்டுச் சாமான் என்று கேட்பார்கள். எகிப்தின் சூயஸ் கால்வாய்க்கு மாலுமிகள் வைத்திருந்த பட்டப்பெயர் 'மார்ல்பரோ கால்வாய்'. கொடுக்காவிட்டால் கப்பலில் ஏதாவது குறை கண்டுபிடிக்கப்படும். மாட்டிக்கொண்டு முழிப்பவர் கேப்டன். கொடுத்தால் கம்பெனி திட்டும், கொடுக்காவிட்டால் கப்பல் நிற்கும், அதற்கும் கம்பெனி திட்டும்! தூத்துக்குடிப் பக்கம் கப்பலில் வேலை செய்த குடும்பங்கள் நிறைய. யாரையாவது கேட்டுப் பாருங்கள், சிகரெட் பெட்டிக் கதை ஒன்றாவது கிடைக்கும்.

2011-ல் சில கப்பல் கம்பெனிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை ஆரம்பித்தன. கடல்சார் ஊழல் எதிர்ப்பு வலையமைப்பு என்று அதைச் சொல்லலாம். 'எம்ஏசிஎன்' என்பது சுருக்கப் பெயர். இன்றைக்கு 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. அவர்கள் கண்டுபிடித்த உத்தி ரொம்ப எளிமையானது. ஒரு கப்பல் மட்டும் 'தர மாட்டேன்' என்றால் அதை நிறுத்திவைத்துவிடலாம். வருகிற கப்பல் எல்லாமே 'தர மாட்டோம்' என்றால் எத்தனையைத்தான் நிறுத்துவது? 2015-ல் சூயஸில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். 'இல்லை' என்று சொல்வதை எல்லாக் கப்பலும் ஒன்றாகச் சொல்லின. சிகரெட் கேட்பது குறைந்ததாக உறுப்பினர் கம்பெனிகளின் கேப்டன்கள் தெரிவித்தார்கள்.

அர்ஜென்டினாவில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அங்கே தானியம் ஏற்றுவதற்கு முன்னால் கப்பலின் சரக்கு அறை சுத்தமாக இருக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார். சுத்தம் என்பதற்கு அளவுகோல் என்ன? அவர் கண்தான். 'அழுக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் கப்பல் காத்துக் கிடக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குப் பெரிய விலை இருந்தது. ஆளை மாற்றிப் பிரயோஜனம் இல்லை என்று, சோதனை விதிகளையே 2017-ல் மாற்றினார்கள். பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும், ஆட்சேபம் இருந்தால் மேலே கொண்டு போக வழி வேண்டும் என்று வந்தது. ஒருவரின் கண்ணுக்கு இருந்த அதிகாரம் குறைந்ததும் அந்த வார்த்தையின் விலையும் இறங்கிவிட்டது.

இந்தியாவிலும் இந்தக் கூட்டமைப்பு 2019-ல் மும்பைத் துறைமுகங்களில் உதவி மையம் ஒன்றை ஆரம்பித்தது. பிறகு அது மற்றத் துறைமுகங்களுக்கும் விரிந்தது. கேப்டனிடம் யாராவது கேட்டால், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதே அந்த மையத்துக்குத் தகவல் போகும். அவர்கள் மேலதிகாரிகளிடம் பேசுவார்கள். ஆறு மாதம் கழித்து வரும் விசாரணை அறிக்கையைவிட, அரை மணி நேரத்தில் வருகிற ஒரு போன்கால் அந்த நேரத்துக்கு உதவும். 2024 ஜனவரி 1 முதல், சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்பந்தத்தின்படி துறைமுக ஊழலைத் தடுக்க நடவடிக்கை எடுப்பது உறுப்பு நாடுகளின் கடமை ஆகியிருக்கிறது.

வெளிநாட்டுச் சட்டங்கள் இதில் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின 1977-ம் ஆண்டுச் சட்டம், வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் வழக்கமான வேலையை விரைவுபடுத்தக் கொடுக்கும் சின்னத் தொகைக்கு அதிலேயே விலக்கு வைத்திருந்தார்கள். பிரிட்டனின் 2010-ம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு கிடையாது. ஒரு டீ என்றாலும் லஞ்சம்தான். விலக்கு இருந்தும் அமெரிக்காவில் மாட்டியவர்கள் உண்டு. 2010 நவம்பரில் பனால்பினா என்ற சரக்குப் போக்குவரத்து நிறுவனமும், அதன் வாடிக்கையாளர்களான சில எண்ணெய்த் துறை நிறுவனங்களும் நைஜீரியா போன்ற நாடுகளில் சுங்க அதிகாரிகளுக்குக் கொடுத்த பணத்துக்காக மொத்தம் சுமார் 23 கோடி டாலர் கட்டின. அந்தக் கூட்டத்தில் இருந்த பிரைட் இன்டர்நேஷனல் நிறுவனத்தின் வழக்கில் நம் நாட்டின் பெயரும் வந்தது. ஓர் எண்ணெய்த் துளையிடும் மேடையை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததில் எழுந்த சுங்கத் தகராறில் சாதகமான தீர்ப்பு வாங்க, தீர்ப்பாய உறுப்பினர் ஒருவருக்காக 5 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டதாக அதில் சொல்லப்பட்டிருந்தது. டீ செலவு எதுவரை வளரும் என்பதற்கு ஒரு கணக்கு.

சுங்கம் தவிர்த்தவர் ஊர்

இதில் நமக்குப் பெருமைப்பட ஒரு பழங்கதை இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்த சரக்கு, போகிற சரக்கு இரண்டையும் எடை பார்த்து, வரி வாங்கி, சோழர்களின் புலி முத்திரை குத்தி அடுக்கிவைத்ததைப் பட்டினப்பாலை விவரிக்கிறது. ஓயாமல் வேலை பார்க்கும் சுங்க அதிகாரிகளை நல்ல பெயருக்கு உரியவர்களாகத்தான் அந்தப் புலவர் காட்டுகிறார். பிற்காலத்தில் முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் வாங்கினான். சுங்கத்தையே எடுத்துவிட்டால் மாமூலும் போய்விடும் என்று அவன் நினைத்திருப்பானோ என்னவோ, கல்வெட்டில் அதைப் பற்றி எழுதிவைக்கவில்லை!

யாரிடம் சொல்வது?

சுங்கம், துறைமுகம் எல்லாம் மத்திய அரசின் கீழ் வருவதால், அங்கே யாராவது காசு கேட்டால் சிபிஐயின் ஊழல் தடுப்புப் பிரிவிடம் போக வேண்டும். சென்னையிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் இலவசத் தொலைபேசி எண் 1964. மாநில அரசு ஊழியர் என்றால் தமிழ்நாடு லஞ்ச ஒழிப்புத்துறை. கடலூரிலும் அதற்குப் பிரிவு உண்டு.

போவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. எந்தத் தேதி, எத்தனை மணி, பில் ஆஃப் என்ட்ரி எண் என்ன, என்ன காரணம் சொல்லி நிறுத்தினார்கள், யார் மூலமாகக் கேட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த மெசேஜை அழிக்கக் கூடாது. தரகரின் பில்லில் 'இதர செலவு' என்று ரசீது இல்லாத தொகை வந்தால், எதற்கு என்று எழுத்தில் கேட்க வேண்டும். புகார் கொடுத்தவர் பின்னால் மனம் மாறிவிட்டாலோ, இறந்தே போனாலோகூட, மற்றச் சாட்சியங்களை வைத்துத் தண்டிக்க முடியும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் அந்த நோட்டுக்கும் மெசேஜுக்கும் மதிப்பு அதிகம்.

சரி, எப்படியோ நம் பட்டறைக்காரரின் பெட்டி வெளியே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லாரியில் ஏற்றியாயிற்று. டிரைவர் கையில் டீசல் காசு, டோல் காசு, படி. அதுபோக 'வழிச் செலவு' என்று தனியாக ஒரு தொகை. லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு அது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் லாரிக்காரர்கள் வழியில் கொடுக்கும் லஞ்சம் வருஷத்துக்கு 48,000 கோடி ரூபாய் என்று சேவ்லைஃப் ஃபவுண்டேஷன் 2020-ல் வெளியிட்ட ஆய்வு கணக்குச் சொன்னது. தாம்பரம், செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டையில் திரும்பினால் மங்கலம்பேட்டை வந்துவிடும். 200 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலையில் சரக்கை இறக்கிவிட்டு, டிரைவர் டிரிப் ஷீட்டில் கணக்கு எழுதுவார். டீசலுக்கு பில் இருக்கும், டோலுக்கு ஃபாஸ்டேக் இருக்கும். வழிச் செலவுக்கு எதிரே தொகை மட்டும் இருக்கும்.